கப்பி ரோடும் இரண்டு சக்கரமும்

போன ஆடி மாதம் ஒரு நாள் காலையில் இலஞ்சியில் ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். சாரல் விழுவதும் நிற்பதுமாக இருந்தது. மலை முழுவதும் மேகத்துக்குள் போய்விட்டது. அப்போது ஆறு வாலிபர்கள் சைக்கிளில் வந்து இறங்கினார்கள். சாதாரணச் சைக்கிள் அல்ல. ஆட்டுக்கடாவின் கொம்பு போலக் கீழ்நோக்கி வளைந்த ஹேண்டில்பார். மட்கார்டு கிடையாது, கேரியர் கிடையாது, மணி கூடக் கிடையாது. டயர் மட்டும் நல்ல தடிமன். இடுப்பிலிருந்து கழுத்து வரை சேறு தெறித்திருந்தது. அவர்களோ அதைச் சந்தனம் பூசிக்கொண்டவர்கள் மாதிரி சந்தோஷமாக ஏற்றுக்கொண்டிருந்தார்கள்.

அவர்களில் ஒருவர் என்னிடம் வந்து மரியாதையாகக் கேட்டார்.

"சார், இந்தப் பக்கத்திலே தார் போடாத ரோடு எங்கே சார் இருக்கு?"

நான் பதில் சொல்வதற்குள் டீ ஆற்றிக்கொண்டிருந்த அண்ணாச்சி முந்திக்கொண்டார். "தம்பி, தார் போட்டதுன்னு சொல்லுத ரோடே பாதி அப்படித்தான் கெடக்கு. எங்கே வேணும்னாலும் போங்க!"

எல்லோரும் சிரித்தோம். விசாரித்ததில், அந்த வண்டிக்குக் 'கிராவல் பைக்' என்று பெயராம். சரளைக் கல்லும் செம்மண்ணும் கிடக்கிற பாதையில் ஓட்டுவதற்கென்றே செய்தது. விலை என் பெரியப்பா முப்பது வருஷம் வாத்தியார் வேலை பார்த்து வாங்கிய சம்பளத்தை எல்லாம் கூட்டினாலும் எட்டுமா என்று சந்தேகப்படும்படி இருந்தது. வாலிபர்களுக்கு எனக்குத் தெரிந்த வழியைச் சொல்லி அனுப்பினேன். ஆனால் அந்தக் கேள்வி என்னை விட்டுப் போகவில்லை. தார் போடாத ரோடு எங்கே இருக்கிறது? இதே ஊரில் என் பெரியப்பா தம் ஆயுளில் பாதியை இதற்கு நேர்மாறான ஒரு கேள்வியைக் கேட்டே கழித்தார்.

தென்காசிச் சீமையின் சரித்திரத்தை ராஜாக்களை வைத்து எழுதலாம். 15ஆம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியன் காசி விசுவநாதருக்குக் கோயில் எடுத்ததிலிருந்து தொடங்கலாம். எனக்கு என்னவோ பாதைகளை வைத்து எழுதினால்தான் அது முழுமையாக வரும் என்று தோன்றுகிறது. காரணம், இந்த ஊர் இங்கே இருப்பதற்கே ஒரு பாதைதான் காரணம்.

வடக்கிலிருந்து தெற்காக மதில் போல ஓடுகிற மேற்குத் தொடர்ச்சி மலை, செங்கோட்டைக்கு மேற்கே கொஞ்சம் தாழ்ந்து கொடுக்கிறது. அதுதான் ஆரியங்காவுக் கணவாய். ஆனி, ஆடி மாதங்களில் மலையாளக் கரையில் கொட்டுகிற மழை இந்த இடுக்கு வழியாகக் காற்றோடு புகுந்து நம் பக்கம் சாரலாகத் தூவுகிறது. குற்றாலத்தின் குளுமைக்கும் தென்காசிக் கோபுர வாசலில் வேஷ்டியைப் பறிக்கிற காற்றுக்கும் அந்தக் கணவாயே மூலம். காற்று வந்த வழியில் மனிதர்களும் வந்தார்கள். கிழக்கேயிருந்து நெல்லும் புகையிலையும் துணியும், மேற்கேயிருந்து மிளகும் பாக்கும் தேங்காயும் மரமும் இந்த வழியாகவே மாறின. முதலில் பொதி மாடுகள். பொதி மாட்டுக்கு ரோடு வேண்டாம். ஒற்றையடித் தடம் போதும். தடம் தேய்ந்து தேய்ந்து பாதையாயிற்று.

பக்தியும் அதே வழியைத்தான் பிடித்தது. மதுரைச் சௌராஷ்டிரர்கள் ஆரியங்காவு ஐயனுக்குச் சம்பந்திகள். மார்கழியில் நடக்கும் திருக்கல்யாணத்துக்குப் பெண் வீட்டாராகக் கணவாய் ஏறிப் போகிறவர்கள். அச்சன்கோவில் ஐயப்பனின் திருவாபரணப் பெட்டி அதே மார்கழியில் புனலூரிலிருந்து புறப்பட்டுத் தென்காசி வந்து, மறுபடி மலையேறுகிறது. மலைக்கு அந்தப் பக்கத்துச் சாமி தம் நகையைப் போட்டுக்கொள்ள இந்தப் பக்கம் வந்து போகிறார் என்றால், மலை இங்கே பிரித்ததை விடச் சேர்த்ததுதான் அதிகம் என்று தெரிகிறதல்லவா?

வண்டிப் பாதை வந்தது பின்னால். திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் கொல்லத்திலிருந்து செங்கோட்டைக்கு வரும் வழியில் புனலூரில் கல்லடை ஆறு குறுக்கே நின்றது. அதன் மேல் தொங்கு பாலம் ஒன்றை 1877ல் கட்டி முடித்தார்கள். அந்தக் காலத்தில் செங்கோட்டை திருவிதாங்கூரைச் சேர்ந்தது. தென்காசி ஆங்கிலேயர் ஆண்ட திருநெல்வேலி ஜில்லாவைச் சேர்ந்தது. ஐந்து மைல் தூரத்துக்குள் இரண்டு ராஜ்யம். 1956 நவம்பர் முதல் தேதி செங்கோட்டை நம் பக்கம் சேர்ந்த பிறகுதான் அந்த எல்லை மலை மேல் ஏறியது.

இப்போது அந்த வாலிபர்கள் தேடிய பொருளுக்கு வருகிறேன். சரளை ரோடு, கப்பி ரோடு என்று நாம் சொல்வது தானாக உண்டான பாதையல்ல. அதற்கு ஒரு சாஸ்திரம் உண்டு. அதைச் செம்மைப்படுத்தியவர் ஸ்காட்லாந்துக்காரரான ஜான் லௌடன் மக்காடம். 1756ல் பிறந்து 1836ல் இறந்தவர். ரோட்டுக்கு அடியில் பெரிய பெரிய பாறைகளைப் புதைத்தால்தான் உறுதி என்று எல்லோரும் நினைத்த காலத்தில், அது வேண்டியதில்லை என்று அவர் சொன்னார். சிறு கல்லாக உடைத்துப் பரப்புங்கள். ஓரம் சரிவாக இருக்கட்டும். தண்ணீர் தேங்காமல் வடியட்டும். மேலே ஓடும் வண்டிகளே கல்லைக் கல்லோடு இறுக்கிவிடும் என்றார். மேல் கல் ஒவ்வொன்றும் ஆறு அவுன்ஸுக்கு மேல் போகக் கூடாது என்பது அவர் கணக்கு. வண்டிச் சக்கரத்தின் இரும்புப் பட்டையை விடக் கல் சிறிதாக இருந்தால்தான் சக்கரம் அதை அமுக்கும். பெரிதாக இருந்தால் புரட்டிவிடும். எவ்வளவு எளிய உண்மை!

நம் ஊரில் இந்தச் சாஸ்திரத்தை நிறைவேற்றியவர்கள் ரோட்டோரத்தில் குந்தி உட்கார்ந்து கல் உடைத்த பெண்கள். தலையில் முந்தானை, கையில் சுத்தியல், பக்கத்தில் வேலமர நிழலில் தூளி. மலையடிவாரத்தில் கல்லுக்குப் பஞ்சமில்லை. உடைத்த கப்பியைப் பரப்பி, மேலே சரளை மண்ணைத் தூவி, தண்ணீர் விட்டு, உருளை ஓட்டினால் ரோடு. சென்னை மாகாணத்தில் 1871ல் வந்த ஸ்தல நிதிச் சட்டமும் 1884ல் வந்த ஸ்தல ஸ்தாபனச் சட்டமும் இந்த ரோடுகளுக்கு வரி வசூலித்துச் செலவிட வழி செய்தன. ஜில்லா போர்டுக்காரர்கள் எந்த ரோட்டுக்கு எத்தனை வண்டி கப்பி என்று கணக்கெழுதினார்கள். கல் உடைத்த பெண்களின் பெயரை யாரும் எழுதவில்லை.

1903ல் ரயில் திருநெல்வேலியிலிருந்து தென்காசி வழியாகச் செங்கோட்டைக்கு வந்தது. அடுத்த வருஷம், 1904 நவம்பரில், கணவாயைக் குடைந்து கொல்லம் வரை போயிற்று. பதின்மூன்று கண் பாலம் கழுதுருட்டிக்குப் பக்கத்தில் இன்றும் நிற்கிறது. அந்தச் சின்ன ரயில் 2010ல் நின்று, 2018ல் அகலப் பாதையாகத் திரும்பி வந்த கதை எல்லோருக்கும் தெரியும். ஆனால் ரயில் ஸ்டேஷனோடு நின்றுவிடும். ஸ்டேஷனிலிருந்து வீட்டுக்கு, வீட்டிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு, வயலுக்கு, ஆஸ்பத்திரிக்கு யார் கொண்டு போய் விடுவது? பணக்காரனுக்கு வில்வண்டி. ஏழைக்குக் கால். நடுவிலே நின்றவனுக்காகத்தான் சைக்கிள் வந்தது.

இரண்டு சக்கரமும் ஏறக்குறைய ஒரே அளவாக, பின் சக்கரத்தைச் சங்கிலி இழுக்கிற சைக்கிளை இங்கிலாந்தில் ஸ்டார்லி என்பவர் 1885ல் வெளியிட்டார். பெல்பாஸ்டில் கால்நடை வைத்தியராக இருந்த டன்லப், தம் மகனுடைய மூன்று சக்கர வண்டி கல் ரோட்டில் தடதடக்காமல் இருக்க வேண்டுமென்று காற்றடைத்த ரப்பர்க் குழாயைப் பொருத்தியது 1888ல். ஒரு தகப்பனுக்குப் பிள்ளை மேல் இருந்த கரிசனம் உலகத்தின் சக்கரங்களையெல்லாம் மாற்றிவிட்டது. அதற்கு முன்பே, முன் சக்கரம் ஆள் உயரத்துக்கு இருந்த பழைய வண்டியிலேயே தாமஸ் ஸ்டீவன்ஸ் என்ற துணிச்சல்காரர் உலகத்தைச் சுற்றக் கிளம்பி, 1886ல் நம் நாட்டின் கிராண்ட் டிரங்க் ரோடு வழியாகக் கல்கத்தா வரை ஓட்டினார். சுண்ணாம்புக் கற்களை இறுக்கிப் போட்ட அந்த ரோட்டை அவர் வெகுவாகப் புகழ்ந்திருக்கிறார்.

ஆக, சைக்கிள் பிறந்ததே சரளை ரோட்டில்தான். 1903ல் பிரான்ஸைச் சுற்றும் பந்தயம் தொடங்கிய போதும், 1910ல் அது முதல் தடவையாகப் பிரனீஸ் மலைகளின் உயர்ந்த கணவாய்களில் ஏறிய போதும், வீரர்கள் மிதித்தது மண்ணும் கல்லும்தான். பல்சக்கரம் மாற்றும் கியரை அந்தப் பந்தயத்தில் 1937ல்தான் அனுமதித்தார்கள். இதற்கிடையில் மோட்டார் கார் வந்தது. வேகமாக ஓடும் அதன் ரப்பர் டயர் கப்பிக்கு நடுவே இருந்த மண்ணை உறிஞ்சிப் புழுதியாகத் தூற்றிற்று. புழுதியை அடக்கத் தார் வந்தது. கல்லோடு தாரைக் கலக்கும் முறைக்கு ஹூலி என்பவர் இங்கிலாந்தில் 1902ல் உரிமை வாங்கினார். அப்புறம் ரோடு கறுத்தது. சைக்கிள் டயர் மெலிந்தது.

மனிதனுக்கு எது கிடைக்காமல் போகிறதோ அதன் மேல்தான் ஆசை. தார் ரோடு எங்கும் பரவிய பிறகு, 1955ல் இங்கிலாந்தில் சிலர் ஒன்றுகூடிக் கரடுமுரடான பாதையில் மட்டுமே ஓட்டுவதற்கென்று ஒரு சங்கம் வைத்தார்கள். 2006ல் அமெரிக்காவின் கான்ஸாஸ் மாகாணத்தில் சிக்குமுக்கிக் கற்கள் நிறைந்த குன்றுப் பாதையில் இருநூறு மைல் பந்தயம் ஒன்று தொடங்கிற்று. 2022ல் இத்தாலியில் சரளை ரோட்டுச் சைக்கிளுக்கு உலகப் பந்தயமே நடந்துவிட்டது. இலஞ்சி டீக்கடையில் நான் பார்த்த ஆறு பேரும் இந்தப் பரம்பரையின் கடைசிக் கொழுந்துகள்.

ஒரு வேடிக்கையைச் சொல்ல வேண்டும். அந்த வாலிபரிடம் டயர் எவ்வளவு தடிமன் என்று கேட்டேன். நாற்பது மில்லிமீட்டர் என்றார். தடித்த டயரில் காற்றைக் குறைத்து வைத்தால் கல்லை விழுங்கிக்கொண்டு ஓடும் என்று விளக்கினார். நான் மனத்துக்குள் கணக்குப் போட்டேன். நம் ஊர் பால்காரரும் தபால்காரரும் ஓட்டிய கறுப்புச் சைக்கிளுக்குச் சக்கரம் இருபத்தெட்டு அங்குலம், டயர் ஒன்றரை அங்குலம். ஒன்றரை அங்குலம் என்பது முப்பத்தெட்டு மில்லிமீட்டர்! பெரிய சக்கரம் பள்ளத்தில் விழாது. சாய்ந்த முன் கவை அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். தடித்த டயர் கல்லில் நழுவாது. 1949ல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் கம்பெனி அம்பத்தூரில் செய்து அனுப்பிய ஹெர்குலிஸ் வண்டி, பெயர் தெரியாமலே ஒரு கிராவல் பைக்காக இருந்திருக்கிறது.

அப்படி ஒரு வண்டிதான் என் பெரியப்பாவினுடையது. 1961ல் வாங்கியது. இலஞ்சியில் வீடு; பண்பொழிப் பக்கத்தில் ஒரு சிற்றூரில் ஆரம்பப் பள்ளிக்கூட வேலை. போக ஏழு மைல், வர ஏழு மைல். வருஷத்துக்கு இருநூறு நாள், முப்பது வருஷம் என்று வைத்தால் எண்பத்து நாலாயிரம் மைல். பூமியை மூன்று தடவை சுற்றியதற்கும் மேலே. ஆனால் அவர் திருநெல்வேலியைத் தாண்டிப் போனதே நாலைந்து தடவைதான்.

எனக்குச் சைக்கிள் கற்றுக்கொடுத்தவரும் அவர்தான். தென்காசிக் கோபுரம் அப்போது உயர்ந்துகொண்டிருந்தது. தலைமுறை தலைமுறையாக மொட்டையாக நின்றது மறுபடி எழும்பி 1990ல் கும்பாபிஷேகம் கண்டது. நான் பாருக்கு அடியில் காலை விட்டுக் குரங்குப் பெடல் போட்டுக்கொண்டே அதை அண்ணாந்து பார்ப்பேன்; உடனே விழுவேன். "ஏல, கோபுரம் எங்கேயும் ஓடிராது. ரோட்டைப் பாரு. சரளையிலே பிரேக்கைப் பிடிச்சா விழுந்தே, விட்டுப் பிடி," என்பார். இன்றைக்குச் சரளை ரோட்டில் ஓட்டப் பயிற்சி கொடுக்கிறவர்களும் அதையேதான் சொல்கிறார்களாம்.

2013ல் அவர் காலமான பிறகு தகரப் பெட்டியைத் திறந்தோம். சான்றிதழ்களுக்கு அடியில் கார்பன் பிரதிகளாகப் பதினொரு மனுக்கள் இருந்தன. எல்லாம் அந்தப் பள்ளிக்கூட ஊர் ரோட்டைப் பற்றி. முதல் மூன்றும் சாதாரணமானவை: கப்பி பெயர்ந்து கிடக்கிறது, மழையில் சேறு, கோடையில் புழுதி. நாலாவதிலிருந்து எல்லா மனுக்களும் ஒரே வாக்கியத்தில் தொடங்கின. ஓர் ஐப்பசி மாதச் சாயங்காலம், நாலாம் வகுப்புப் பையன் ஒருவனை வயல் வரப்பில் பாம்பு கடித்தது. அவனைக் கேரியரில் உட்கார வைத்துத் துண்டால் தம் இடுப்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டு தென்காசிக்குப் புறப்பட்டார். பெயர்ந்த கப்பியில் இரண்டு மைலுக்குச் சைக்கிளை மிதிக்க முடியவில்லை, தள்ளிக்கொண்டே ஓடினார். ஆஸ்பத்திரி சேர்ந்த போது நேரம் கடந்துவிட்டது. இவ்வளவையும் ஒரே வாக்கியமாக, ஒரு பெயரெச்சம் பிசகாமல், இலக்கணம் கற்பிக்கிறவரின் கையெழுத்தில் எழுதியிருந்தார். வீட்டில் யாரிடமும் அவர் இதைச் சொன்னதில்லை. எட்டு மனுக்களில் எட்டு தடவை சர்க்காருக்கு மட்டும் சொல்லியிருக்கிறார்.

எழுபதுகளின் நடுவில் அந்த ரோட்டுக்குத் தார் வந்தது. அன்று பெரியப்பா சட்டைப் பையில் கற்கண்டு வாங்கிப் போய்ப் பிள்ளைகளுக்குக் கொடுத்தாராம். எதற்கு என்று யாருக்கும் தெரியாது.

இதை நினைத்துக்கொண்டுதான் அன்று அந்த வாலிபரின் கேள்வியைக் கேட்டேன். முதலில் கோபம்கூட வந்தது. மற்றவர்களின் கஷ்டம் இவர்களுக்கு விளையாட்டா? கொஞ்சம் யோசித்த பிறகு அது நியாயமில்லை என்று பட்டது. நடையைக் கஷ்டமென்று வண்டி கண்டுபிடித்தவன்தான் பிறகு உலாவப் போனான். மேலகரத்துத் திரிகூடராசப்பக் கவிராயரின் குறத்தி சுற்றிய மலைத் தடங்களும் அவளுக்குப் பிழைப்பு. படித்து ரசிக்கிற நமக்கு இன்பம். விட்டு விடுதலையான கஷ்டத்தைத் தேடிப் போய் ரசிப்பது மனித சுபாவம். அந்தப் பாதையில் முன்னால் போனவர்களைக் கொஞ்சம் நினைத்துக்கொண்டால் போதும்.

சைக்கிள் எத்தனை பேரை விடுவித்தது என்பதும் சாதாரண விஷயமல்ல. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை ஜில்லாவில் அறிவொளி இயக்கத்தின் போது ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றார்கள். அவர்களில் கல் உடைக்கிற பெண்களும் உண்டு. கப்பி உடைத்துப் போட்ட கை கடைசியில் ஹேண்டில்பாரைப் பிடித்தது. 2001ல் மாணவிகளுக்கு அரசு இலவசச் சைக்கிள் கொடுக்கத் தொடங்கிய பிறகு, பண்பொழி ரோட்டில் காலை எட்டரை மணிக்குப் பின்னல் பறக்கப் போகும் பெண்களை நானே பார்த்திருக்கிறேன்.

அந்த வாலிபர்களுக்கு நான் சொன்ன வழி இதுதான். இலஞ்சியிலிருந்து வயல் ஓரமாகச் செங்கோட்டை, அங்கிருந்து குண்டாறு அணைப் பக்கம், திரும்பி வந்து பண்பொழி, திருமலைக் கோயில் குன்றை வலம் வந்தது போலச் சுற்றி மேக்கரை, அடவிநயினார் அணை. தார் ரோட்டை விட்டு இறங்கிக் குளத்தங்கரை, வாய்க்கால் கரை என்று பிடித்தால் சரளைக்குக் குறைவிருக்காது. வலது பக்கம் நெல், இடது பக்கம் மலை. காட்டுக்குள் மட்டும் அனுமதி இல்லாமல் நுழைய வேண்டாம். அது யானைக்கும் கரடிக்கும் சொந்தமான இடம். மறு நாள் வேண்டுமானால் தெற்கே ஆயிரப்பேரி, மத்தளம்பாறை வழியாக, பாரதியார் 1918க்குப் பிறகு சில காலம் வாழ்ந்த கடையம் வரை போகலாம்.

புளியரை வழியாகக் கணவாய் ஏறலாமா என்று கேட்டார்கள். வேண்டாம் என்றேன். இதைச் சொல்லும் போது எனக்கு வெட்கமாக இருந்தது. பொதி மாடும் திருவாபரணமும் வில்வண்டியும் போன அந்தப் பாதையில் இப்போது ஜல்லியும் எம்-சாண்டும் ஏற்றிய லாரிகள் வரிசையாகக் கேரளத்துக்குப் போகின்றன. பெரியப்பா சைக்கிளை விட்டதும் அதனால்தான். எழுபத்து நாலாம் வயதில் ஒரு நாள், பின்னால் வந்த கல் லாரி ஒன்றுக்கு ஒதுங்கப் போய் ஓடையில் விழுந்தார். எலும்பு முறியவில்லை. ஆனால் எழுந்து வந்தவர் வண்டியைத் திண்ணையில் சாத்தினார். மறுபடி எடுக்கவே இல்லை. தார் ரோடு வேண்டுமென்று பதினொரு மனு எழுதியவரைத் தார் ரோடே ஓரத்தில் தள்ளிவிட்டது.

மக்காடம் கல்லை உடைக்கச் சொன்னது மனிதர்கள் ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குப் போவதற்காக. நாம் இப்போது குன்றையே உடைத்து அதே ரோட்டின் மேல் ஏற்றி அனுப்பிக்கொண்டிருக்கிறோம். குன்று குறைந்தால் ஓடை குறையும், ஓடை குறைந்தால் குளம் குறையும் என்று இங்குள்ள கிராமத்துக்காரர்கள் தடுத்துப் பார்க்கிறார்கள், மனுவும் எழுதுகிறார்கள். அந்த மனுக்களின் முதல் வாக்கியம் என்னவென்று எனக்குத் தெரியாது. ஆனால் ஒரு வாத்தியாரின் பெட்டியைத் திறந்து பார்த்தவன் என்ற முறையில், யாராவது அதை முழுவதும் படிக்க வேண்டும் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

அன்று சாயங்காலம் அந்த ஆறு பேரும் திரும்பி வந்தார்கள். ஒருவர் சைக்கிளில் டயர் பஞ்சர், கருவேல முள். பஞ்சர் ஒட்டுகிற கடையைக் காட்டுவதற்காகக் கூடவே நடந்து போனேன். வழியில் அவர், "ரோடு ரொம்ப நல்லா இருந்தது சார். யார் சார் போட்டது இதெல்லாம்?" என்று கேட்டார்.

சொல்லத் தொடங்கினேன். கடை வந்து, பஞ்சர் ஒட்டி, காற்றடித்து முடித்த பிறகும் அவர் கேட்டுக்கொண்டே நின்றார்.